வேரில்லாச் செடியும் மண்ணுக்குள் இருக்கும் துணையும்

மாரி காலத்தில் கிணற்றுக் கட்டின் நிழற்பக்கத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் மலையகத்தின் ஈரப் பாறைகளிலும் நிலத்தோடு ஒட்டிப் படரும் சிறு பச்சைத் தாவரங்களைக் காண்கிறோம். அவற்றுள் சில தட்டையாக, ஈரலின் மடல்கள் போலப் பிரிந்து பிரிந்து வளரும். பாடநூல்கள் இவற்றை ஈரலுருத் தாவரங்கள் என்கின்றன. இவற்றுக்குப் பூ இல்லை, விதை இல்லை, உண்மையான வேரும் இல்லை. மயிர் போன்ற வேர்ப்போலிகளால் மண்ணைப் பற்றிக்கொண்டிருக்கும்.

உண்ணவோ விற்கவோ உதவாத இச்செடியைப் பற்றி எமக்கு என்ன என்று கேட்கலாம். பல்லாண்டு காலம் கைவிட்ட காணியில் மீண்டும் மண்வெட்டி பிடிக்க இருக்கும் குடும்பங்கள் அறிய வேண்டிய ஒரு பாடம் இதனிடம் இருக்கிறது.

வேரில்லாமல் வாழ்வது எப்படி?

ஈரலுருத் தாவரங்களில் பல வகைகள் தனித்து வாழ்வதில்லை. மண்ணில் உள்ள நுண்ணிய பங்கசு வேர்ப்போலிகளின் வழியாக உள்ளே நுழைந்து, செடியின் கலங்களுக்குள் சிறு மரம் கிளைப்பது போலக் கிளைக்கிறது. இது நோய் அன்று, கொடுக்கல் வாங்கல். பங்கசின் இழைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியவை. செடியால் எட்ட முடியாத மண் இடுக்குகளில் புகுந்து பொசுபரசையும் நைதரசனையும் எடுத்துவந்து கொடுக்கின்றன. செடியோ வெயிலில் தான் தயாரித்த உணவில் ஒரு பங்கை பங்கசுக்குக் கொடுக்கிறது. இந்தப் பங்கசு தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே ஆக்க வல்லதன்று. ஈரலுருத் தாவரம் அதனையும் ஊட்டுகிறது என்பதை 2021 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இவ்வாறு இருவரும் பயன்பெற வாழ்வதையே ஒன்றிய வாழ்வு என்கிறோம்.

2010 இல் இங்கிலாந்தின் செபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் மார்க்கான்சியா பலியேசியா என்னும் ஈரலுருத் தாவரத்தைப் பங்கசுடனும் பங்கசு இல்லாமலும் வளர்த்து ஒப்பிட்டனர். பங்கசு சேர்ந்த செடிகளே நன்கு வளர்ந்தன, கூடுதலாகப் பெருகின.

இந்த உறவு மிகப் பழையது. ஸ்கொட்லாந்தின் ரைனி என்னும் கிராமத்துப் பாறைகளில் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முந்திய தாவரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. அவற்றுக்கும் உண்மையான வேர் இல்லை. ஆனால் அவற்றின் கலங்களுக்குள் இதே கிளைவிட்ட பங்கசு இருப்பதை 1994 இல் கண்டறிந்தனர். தாவரங்கள் வெறும் தரையில் குடியேறிய தொடக்க காலத்திலேயே துணை ஒன்று உடனிருந்தது. படைப்பில் எதுவும் தனியே நிற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

துணையை இழந்த செடி

இதே குடும்பத்தைச் சேர்ந்த மார்க்கான்சியா பொலிமோர்பா என்னும் செடி பெரும்பாலும் பங்கசு இன்றியே வாழ்கிறது. இது எரிந்த நிலத்திலும், பசளை மிகுந்த நாற்றுமேடைச் சட்டிகளிலும் களையாக வளர்வது. போசணை தாராளமாகக் கிடைக்கும் இடங்களில் வாழ்ந்து இதன் முன்னோர் அந்த உறவைக் கைவிட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

எமது பயிர்களிலும் இதைப் போன்ற ஒன்றைக் காணலாம். மரவள்ளி, சோளம், வெங்காயம், மிளகாய், கௌபி, உழுந்து ஆகியவற்றின் வேர்களிலும் இதே கூட்டப் பங்கசுக்கள் வாழ்கின்றன. மரவள்ளிக்கு வேர்மயிர்கள் குறைவாகையால் அது இத்துணையை மிகவும் நம்பியிருக்கிறது. பொசுபேற்றுப் பசளையை அளவுக்கு மிஞ்சி இட்டால் வேர்களில் பங்கசு குறைந்துவிடும். கோவா, முள்ளங்கி போன்றவற்றுக்கோ இந்தத் துணை கிடையாது.

கைவிட்ட காணியில் என்ன நடக்கிறது?

வேர் இல்லாத இடத்தில் இப்பங்கசு நெடுங்காலம் வாழாது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நீண்டகாலம் களையும் இன்றி வெறுமையாக விடப்பட்ட வயல்களில் அடுத்த பயிர் குன்றியது. பங்கசு அருகிப்போனதே காரணம் என்று 1987 இல் வெளியான ஆய்வு விளக்கியது.

ஆகவே பற்றையும் புல்லும் மூடிய காணியைக் கண்டு மனம் தளர வேண்டாம். அந்தப் புல்லின் வேர்களே பங்கசைக் காப்பாற்றி வைத்திருக்கக்கூடும். மேல்மண் வழித்து அணை கட்டப்பட்ட இடமும், இயந்திரம் சுரண்டிய இடமுமே கவலைக்குரியவை. மேல்மண்ணோடு பங்கசும் போய்விடுகிறது.

செய்யக் கூடியவை

1. காணி முழுவதையும் ஒரே தடவையில் எரித்து வெறுமையாக்காதீர்கள். பயிரிடும் பகுதியை மட்டும் துப்புரவாக்கி, வெட்டிய களையை மூடுபடையாக இடுங்கள்.

2. மேல்மண் இழந்த இடத்தில் முதற் போகம் கௌபி, பயறு, சோளம் போன்றவற்றை விதையுங்கள். அவற்றின் வேர்களில் பங்கசு பெருகும். கோவா, முள்ளங்கியைப் பின்னர் பார்க்கலாம்.

3. செழிப்பான பயிரின் அல்லது புல்லின் வேரோடு கூடிய மண்ணில் ஒரு பிடி எடுத்து நடுகுழியில் இடலாம். வாடல் நோயோ வேர்முடிச்சோ கண்ட நிலத்து மண் ஆகாது. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத இடத்துக்கு மண் எடுக்கப் போகவே கூடாது.

4. இன்னும் காணி கிடைக்காதோர், வாசலில் ஒரு பழைய சாக்கிலோ சட்டியிலோ அத்தகைய மண்ணை மணலுடன் கலந்து சோளம் வளர்க்கலாம். மூன்று நான்கு மாதத்தின் பின் நீரை நிறுத்திக் காயவிட்டு, தண்டை வெட்டி நீக்கி, வேரை நறுக்கி மண்ணோடு கலந்து நிழலில் வையுங்கள். காணிக்குப் போகும் நாளில் நடுகுழிகளுக்கு இது உதவும்.

5. மாட்டெரு, கூட்டெருவை விட்டுவிடாதீர்கள். பங்கசு மண்ணில் உள்ளதை எடுத்துக் கொடுக்குமேயன்றி இல்லாததை உண்டாக்காது. இரசாயனப் பசளையை விவசாயப் போதனாசிரியர் சொல்லும் அளவோடு நிறுத்துங்கள்.

இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. காணிக்குத் திரும்பியதும், முதல் மழையின் பின் ஒரு களைச்செடியை மெதுவாகக் கிளப்பி வேரைப் பாருங்கள். பங்கசு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வேர் உயிரோடிருக்கும் இடத்தில் அதுவும் பெரும்பாலும் இருக்கும். அந்த இடத்திலிருந்து பயிர்ச்செய்கையைத் தொடங்குவோம்.