பழகுவதற்குப் பழைய வண்டி போதுமா?

பதினெட்டு வயது நிறைந்து ஓட்டுநர் உரிமம் பெற்ற மகனுக்கோ மகளுக்கோ முதல் கார் வாங்க நினைக்கும் குடும்பங்களில், பழகும் கையில் வண்டி எப்படியும் உராயும், ஒடுங்கும், ஆகவே விலை மலிந்த பழைய வண்டியே போதும் என்ற முடிவு பெரும்பாலும் விவாதமின்றி எடுக்கப்படுகிறது. இம்முடிவு வண்டியின் தகட்டுக்கு நேரும் சேதத்தைக் கணக்கிடுகிறதேயன்றி, உள்ளே அமர்ந்திருப்பவரின் உடலுக்கு நேரக்கூடியதைக் கணக்கிடுவதில்லை. வீட்டிலேயே அனுபவம் குறைந்த ஓட்டுநரின் கைக்குப் பாதுகாப்பு குறைந்த வண்டி போய்ச் சேர்வதே இதன் விளைவு.

ஸ்டியரிங்கையும் கிளட்சையும் கையாளும் திறன் சில வாரங்களில் கைவந்துவிடுகிறது. நிறுத்தத்தில் நிற்கும் பேருந்துக்குப் பின்னாலிருந்து ஒருவர் குறுக்கே வரக்கூடும் என்று முன்கூட்டியே உணரும் திறனோ ஆண்டுக்கணக்கில் சாலையில் பழகிய பிறகே வாய்க்கிறது. இடைப்பட்ட காலத்தில் இளைஞர் செய்யும் தவறுகளுள் பல வேகத்தை மதிப்பிடுவதில் நேர்பவை. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மாறும்போது வேகம் மூன்றில் ஒரு பங்கே கூடினாலும், மோதலின்போது தாங்கவேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 78 விழுக்காடு கூடிவிடுகிறது. சக்தி மிகுந்த எஞ்சின் முதல் காருக்குப் பொருந்தாது என்பதற்கு இந்தக் கணக்கே போதுமான காரணம்.

பழைய காரே வாங்குவதானாலும், எவ்வளவு பழையது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இந்தியாவில் விற்கப்படும் கார்களில், பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரங்கள் இறுகிப்போய் வழுக்காமல் காத்து, பிரேக் பிடித்தபடியே வண்டியைத் திருப்ப இடம் தரும் ஏபிஎஸ் அமைப்பு 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கான ஏர்பேக், சீட் பெல்ட் அணியாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கை, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் விட்டுவிட்டும் 120-ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலிக்கும் மணி ஆகியவையும் கட்டாயமாயின. முன்னிருக்கைப் பயணிக்கான ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் வந்து சேர 2021 முடிய வேண்டியிருந்தது. எனவே ஆர்.சி. புத்தகத்தில் பதிவுத் தேதியோடு நின்றுவிடாமல், தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் பார்த்து, 2022 முதல் தயாரான வண்டியைத் தேர்ந்தெடுப்பது எளிய, நம்பத்தக்க வழி.

ஆயினும் ஆண்டு மட்டும் போதாது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்னும் சோதனை அமைப்பு இந்தியாவில் புழக்கத்திலிருந்த ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டுச் சோதித்தபோது, ஏர்பேக் இல்லாத அடிப்படை வகைகளான அவை ஐந்தும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அவற்றுள் ஒன்றான ஃபோக்ஸ்வாகன் போலோ, முன்புறம் இரண்டு ஏர்பேக்குகளோடு மீண்டும் சோதிக்கப்பட்டு நான்கு நட்சத்திரம் பெற்றது. இங்கு இரண்டு உண்மைகள் சேர்ந்தே நிற்கின்றன: ஒரே பெயரில் விற்கும் காரின் வகைகளுக்குள்ளேயே உயிர்காக்கும் வேறுபாடு இருக்கலாம், ஆயினும் போலோவின் கூடு மோதலில் குலையாமல் நின்றதால்தான் ஏர்பேக்கால் பயன் விளைந்தது, கூடே நசுங்கிவிடும் வண்டியில் அதை மட்டும் பொருத்திப் பெரும்பயன் காண இயலாது. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்ற இந்தியாவின் சொந்த மதிப்பீட்டுத் திட்டமும் நடைமுறையில் உள்ளது. வாங்கவிருக்கும் மாதிரிக்கு மதிப்பீடு உண்டா, அது எந்த ஆண்டு விதிப்படி, எந்த வகைக்கு வழங்கப்பட்டது என்று பார்ப்பது, மைலேஜ் பற்றி நான்கு பேரிடம் விசாரிப்பதைவிட முதன்மையானது.

ஏர்பேக்கும் உறுதியான கூடும் மோதிய பின் காப்பவை. மோதாமலே காக்க முயல்வது இ.எஸ்.சி. எனப்படும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு. வளைவில் வேகமாகத் திருப்பும்போதோ, குறுக்கே வந்த நாயைத் தவிர்க்க ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்கும்போதோ வண்டி வழுக்கத் தொடங்கினால், இவ்வமைப்பு தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் கொடுத்து, எஞ்சினின் விசையையும் குறைத்து, ஓட்டுநர் திருப்பிய திசையிலேயே வண்டியை இழுத்து நிறுத்த முனைகிறது. பதற்றத்தில் அளவுக்கு மீறித் திருப்பிவிடுவது புதியவர்களின் இயல்பு என்பதால், இத்துணை அவர்களுக்கு மிகவும் வேண்டப்படுவது. இளம் ஓட்டுநர்களுக்கு ஏற்ற கார்களின் பட்டியலை வெளியிட்டுவரும் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம், இ.எஸ்.சி. இல்லாத வண்டியை அதில் சேர்ப்பதில்லை. சக்தி மிகுந்தவற்றையும் மிகச் சிறியவற்றையும் விலக்கிவிடுகிறது. சன்ரூஃபுக்கும் பெரிய தொடுதிரைக்கும் கொடுக்கும் பணத்தை இ.எஸ்.சி.-க்குக் கொடுப்பதே அறிவுடைமை.

செகண்ட் ஹேண்ட் வண்டியைப் பார்க்கும்போது, சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் சில நொடி எரிந்து அணைகின்றனவா என்று கவனிக்க வேண்டும். அணையாமல் எரிந்தால் பழுது என்று பொருள், எரியவே இல்லையென்றால் பழுதை மறைக்க விளக்கின் இணைப்பே துண்டிக்கப்பட்டிருக்கக்கூடும். அழகுக்காக முன்னால் பொருத்தப்படும் இரும்புத் தடுப்பு, மோதலை உணர்ந்து ஏர்பேக்கை விரியச் செய்யும் உணரிகளைக் குழப்பக்கூடியது, சட்டப்படியும் கூடாதது. டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டுகின்றன. 2321 என்றால் 2021-இன் 23-ஆம் வாரம். கியர் மாற்றும் சுமையின்றிக் கவனம் முழுவதும் சாலையில் நிற்க உதவுவதால், ஆட்டோமேட்டிக் வண்டியைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை.

புதிதாக வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கும் ஒரு வழி உண்டு. வீட்டிலுள்ள புதிய, பாதுகாப்பான வண்டியை இளையவரிடம் ஒப்படைத்து, பழைய வண்டியை இருபது ஆண்டு ஓட்டிய அனுபவமுள்ள தந்தையோ தாயோ வைத்துக்கொள்வதே அது. கதவில் கோடு விழுவதைத் தாங்கிக்கொள்ளும் மனம் மட்டும் அதற்கு வேண்டும். ஆனால் பதினெட்டு நிறையும் முன் சாவி கைமாறக் கூடாது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, சிறார் வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, ஓட்டிய சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. வண்டி பெற்றோர் பெயரில் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காப்பீட்டோடு வரும் கட்டாயத் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு பதிவுபெற்ற உரிமையாளருக்கே உரியது. அந்த வண்டியை ஓட்டும் பிள்ளைக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுத்தாக வேண்டும்.