பெட்டிங் மூளை இருந்தால் ஃபேன்டஸி கிரிக்கெட்டில் ஜெயிக்கலாமா? பொதட்டூர்பேட்டை எல்லையில் ஒரு கணக்கு

"டாஸ் போட்டாச்சா? லெவன் வந்துடுச்சா?" கடந்த சில ஐபிஎல் சீசன்களில் மாலை ஏழு மணி ஆனால் பல டீக்கடைகளில் கேட்ட கேள்வி இது. அடுத்த அரை மணி நேரத்துக்குள் 11 பேரைத் தேர்ந்தெடுத்து, கேப்டனை முடிவு செய்து, பணத்தைக் கட்டிவிட வேண்டும்.

திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் நெசவு ஊர் பொதட்டூர்பேட்டை. இங்கே இந்த ஆட்டத்துக்கு ஒரு விநோதம் இருந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு ஆந்திரா 2020 செப்டம்பரில் தடை போட்டது. அதன் பிறகு ஊருக்குள் திறக்கும் பணப் போட்டி, எல்லை தாண்டி நகரி பக்கம் போனால் திறக்காது. அதே போன், அதே ஆப், அதே மூளை. ஆனால் ஒரு பக்கம் 'திறமை', இன்னொரு பக்கம் குற்றம்.

'திறமை' என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது?

சென்னை கிண்டியில் இருந்து. குதிரைப் பந்தயம் சூதாட்டமா என்ற வழக்கில் (கே.ஆர்.லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு) 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் ஃபார்ம், வம்சம், ஜாக்கி இதையெல்லாம் எடைபோட்டுக் கட்டுவதால் இது பெருமளவு திறமை சார்ந்தது என்றது. 2017இல் பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றம் இதே வாதத்தை ட்ரீம்11-க்கும் பொருத்தியது. பந்தயம் கட்டுபவரின் கணிப்புத் திறன் ஃபேன்டஸிக்கு வந்து சேர்ந்தது இந்த வழியில்தான்.

எந்தத் திறன் உதவும்?

*தகவல்:* பிட்ச் எப்படி, பனி விழுமா, யார் லெவனில் இல்லை என்பதை மற்றவர்களுக்கு முன்பே கணிப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

*விலை பார்ப்பது:* பந்தயத்தில் 'யார் ஜெயிப்பார்' என்பதைவிட 'இந்த விலைக்கு இது லாபமா' என்பதுதான் கேள்வி. ஃபேன்டஸியில் 100 கிரெடிட்டுக்குள் அணியை முடிக்க வேண்டும். கேப்டனுக்கு இரண்டு மடங்கு, துணை கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு புள்ளி. எனவே குறைந்த கிரெடிட்டில் நிறைய புள்ளி தருபவரைக் கண்டுபிடிப்பவரே கெட்டிக்காரர்.

*கமிஷன் கணக்கு:* இரண்டு பேர் தலா 50 ரூபாய் கட்டுகிறார்கள். நிறுவனம் 10 ரூபாய் எடுத்துக்கொண்டு, ஜெயித்தவருக்கு 90 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்காசு போகாமல் இருக்கவே 100 ஆட்டத்தில் 56-ல் ஜெயிக்க வேண்டும். பந்தயத்தில் 1.80 என்ற விலைக்குக் கட்டினாலும் இதே கணக்குதான்.

எந்தத் திறன் உதவாது?

பந்தயத்தில் எதிராளி, விலை சொல்லும் புக்கி. ஃபேன்டஸியில் எதிராளி, உங்களைப் போலவே அணி போட்ட லட்சக்கணக்கானவர்கள். விராட் கோலியை கேப்டனாக்கியது சரியான கணிப்பாகவே இருக்கட்டும். பாதிப் பேர் அதையே செய்திருந்தால் அதனால் உங்களுக்கு முன்னிலை கிடைக்காது. மெகா போட்டியில் மேலே வர, மற்றவர்கள் தொடாத ஆளையும் எடுக்க வேண்டும். அது பல நாள் சொதப்பும். அதைத் தாங்கும் பணமும் பொறுமையும் யாரிடம் இருக்கிறதோ, அவரிடமே லாபம் போய்ச் சேரும்.

அமெரிக்காவில் இதற்கு ஆதாரம் உண்டு. 2015 பேஸ்பால் சீசனின் முதல் பாதியில், தினசரி ஃபேன்டஸி ஆடியவர்கள் ஈட்டிய லாபத்தில் 91 சதவீதம் வெறும் 1.3 சதவீதம் பேரிடம் போனதாக மெக்கின்சி ஆய்வு காட்டியது. ஆக, திறமைக்கு இடம் உண்டு. அது நம்மிடம் இருக்கிறதா என்பதுதான் சிக்கல்.

சின்னத் தொகைதானே?

உதாரணத்துக்கு, ஒரு மேட்சுக்கு 49 ரூபாய். 2025 ஐபிஎல் அட்டவணையில் 74 ஆட்டங்கள். சீசன் முழுக்க ஆடினால் 3,626 ரூபாய். 'ஒரு டீம் போதாது' என்று ஐந்து டீம் போட்டால் 18,130 ரூபாய். தறி ஓடினால்தான் கூலி என்ற வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. ஒரே தடவையாகக் கட்டச் சொன்னால் யோசிப்போம். 49, 49-ஆகப் போகும்போது கணக்கில் படாது. பந்தயத்தில் ஊறியவர்கள் முதலில் கற்பது, வரம்பு வைத்து நிறுத்தும் பழக்கத்தை. ஆப்பில் புதிதாக வருபவர் கடைசியாகக் கற்பதும் அதைத்தான்.

இப்போது நிலைமை என்ன?

எல்லையின் இரு பக்கமும் ஒரே சட்டம். 2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ட்ரீம்11 உள்ளிட்ட நிறுவனங்கள் பணப் போட்டிகளை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்து நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன.

'வெளிநாட்டு ஆப்ல கட்டலாம் ப்ரோ' என்று டெலிகிராமில் லிங்க் வந்தால் உஷார். அங்கே பணம் மாட்டிக்கொண்டால் கேட்க ஆளில்லை. கணிக்கும் ஆசை இருந்தால் இலவச ஃபேன்டஸி போட்டிகள் உண்டு. திறமை உண்மையானால் அங்கேயும் தெரியும். ஒரு சீசன் முழுக்க எழுதி வைத்துப் பாருங்கள். நூற்றுக்கு 56 வருகிறதா?

வீட்டில் யாராவது நிறுத்த முடியாமல் தவித்தால், டெலி-மனஸ் 14416 அல்லது தமிழ்நாட்டின் 104 எண்ணில் இலவசமாகப் பேசலாம்.