நாதமும் எண்ணும் – 9: வாசலுக்கு வெளியே நிற்கும் பின்னம்

கொழிஞ்சாம்பாறையிலும், இடுக்கி மலைமேல் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளின் கணினிகளில், கேரள அரசு 2001-இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தின் பயனாக, இன்று லினக்ஸே ஆட்சி செலுத்துகிறது. அவற்றுள் ஒன்றில் ஒரு மாணவன் பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத் தனியாவர்த்தனத்தை ஒலிக்கவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். (ஒலிபெருக்கியே வேண்டாமென்று வாதாடிய அந்த மகாவித்வான் இந்த ஏற்பாட்டை எவ்வளவு தூரம் ரசித்திருப்பார் என்பது வேறு விஷயம்.)

பாட்டு நிரல் ஒவ்வொரு ஒலி மாதிரியையும் கழித்தல் 1-க்கும் கூட்டல் 1-க்கும் இடைப்பட்ட மிதவைப் புள்ளி எண்ணாக வைத்துக்கொள்கிறது. 32 பிட்டுகளில் ஒன்று குறிக்கு, எட்டு அடுக்குக்கு, மிச்சம் 23 பின்னத்துக்கு என்று 1985-இல் ஐ.இ.இ.இ. 754 பிரமாணம் வகுத்த இவ்வெண், தொப்பியின் அடங்கிய நாதமானாலும் வலந்தலையின் உரத்த சாப்பானாலும் நுட்பம் குன்றாமல் ஏந்திக்கொள்ளும். பல ஒலிகளைக் கலக்கும்போது தொகை 1-ஐத் தாண்டினாலும் கலங்காது. ஆனால் சவுண்ட் கார்டு பெரும்பாலும் கேட்பது முழு எண்ணை. மாற்றித் தருவது யார் பொறுப்பு?

லினக்ஸின் மையக்கருவான கெர்னல் ‘என் பொறுப்பல்ல’ என்கிறது. மிதவைப் புள்ளிக் கணக்குக்கான பதிவகங்களில் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் அரைகுறைக் கணக்கு கிடக்கும். கெர்னல் அவற்றில் கைவைத்தால் அது பாழாகும். எடுத்துவைத்துவிட்டுப் பிறகு திருப்பி வைக்கலாமே என்றால், விநாடிக்கு 48,000 மாதிரிகள் ஓடுகையில் 256-க்கு ஒரு தரம் குறுக்கிடும் சவுண்ட் கார்டு, விநாடிக்குச் சுமார் 187 தடவை அந்தச் சிரமத்தைக் கொடுக்கும். ஆகவே அல்சா என்னும் ஒலியமைப்பு, தன் வடிவப் பட்டியலில் மிதவைப் புள்ளிக்கும் ஒரு பெயர் வைத்திருந்தபோதிலும், மாற்றும் வேலையைக் கெர்னலுக்கு வெளியே உள்ள நூலகத்துக்கும், பல்ஸ்ஆடியோ, பைப்வயர் போன்றவற்றுக்கும் விட்டுவிட்டது. சீட்டுகளை முன்கூட்டியே முடித்துக்கொண்டு கேரள எல்லையிலுள்ள வாளையாற்றுச் சாவடியை அடையும் லாரியைப்போல, எண் முழு எண்ணான பின்பே கெர்னலின் வாசலை அடைகிறது.

மாக் ஓஎஸ் எக்ஸ் வேறு வழி சென்று, மிதவைப் புள்ளியைக் கெர்னலுக்குள்ளிருந்த டிரைவர் வரை அனுமதித்து, அங்கே வெட்டி மாற்றச் சொன்னது. அழகான ஏற்பாடுதான், எனினும், ஒரு பிழை கணினி முழுவதையும் சாய்த்துவிடக்கூடிய ஸ்தானத்தில் இந்தக் கணக்கை வைப்பது எனக்கு உசிதமாகப் படவில்லை.

கணக்கும் அவ்வளவு சாதுவானதல்ல. 1-ஐ 32,768-ஆல் பெருக்கி அப்படியே 16 பிட்டில் இட்டால், அதன் மேல் எல்லை 32,767 மட்டுமே ஆகையால், எண் சுழன்று கழித்தல் 32,768 ஆகிவிடும். சிகரம் பாதாளமாகிச் சாப்பு ‘படார்’ என்று வெடிக்கும். எல்லை தாண்டியதை முதலிலேயே வெட்டிவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவுமில்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்துப் பிறந்த ‘எண்ணே அல்லாத’ மதிப்பு ஒன்று உண்டு. 1-ஐவிடப் பெரிதா என்றால் இல்லை, கழித்தல் 1-ஐவிடச் சிறிதா என்றாலும் இல்லை என்று, இரண்டு காவலையும் அது சிரமமின்றிக் கடந்துவிடும். அதைத் தனியே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

லினக்ஸ் வைத்திருக்கும் வாசகர்கள், பாட்டு ஓடும்போதே, ‘ப்ராக்’ அடைவில் ‘அசவுண்ட்’ பிரிவுக்குள் ஓடும் கார்டின் ‘ஹெச்டபிள்யூ பாராம்ஸ்’ கோப்பைத் திறந்து ‘ஃபார்மட்’ என்ற வரியைப் பாருங்கள். எஸ்16 அல்லது எஸ்32 என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஃப்ளோட் என்றிருந்தால் எனக்கு எழுதுங்கள்.