செம்பட்டி வகுப்பறையில் ஒரு ஜனாதிபதி தேர்தல்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் பேருந்து செம்பட்டியில் நிற்கையில், புத்தகப் பையோடு முண்டியடித்து ஏறும் பிள்ளைகளைப் பாருங்கள். இன்னும் மூன்றாண்டோ நான்காண்டோ போகட்டும், அவர்கள் விரலிலே மை! 21 வயது என்றிருந்த வாக்குரிமை 1989-இல் 18 ஆயிற்று. பள்ளி வாசலைத் தாண்டியதும் வாக்குச்சாவடி வாசல் வந்துவிடுகிறது.

ஆகவே தேர்தலைப் பள்ளியிலேயே நடத்திக் காட்டுவது நல்ல காரியம். 2024-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட ‘மகிழ் முற்றம்’, மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகளாக்கிற்று. வரவேற்கிறோம். ஆனால் வகுப்புத் தலைவனைத் தேர்ந்தெடுப்பதோடு நின்றுவிட வேண்டாம். ஒருநாள் ஜனாதிபதி தேர்தலையும் நடத்திப் பாருங்கள் என்கிறோம்.

அமெரிக்கப் பள்ளிகளில் இது பழைய வழக்கம். தலைக்கு ஒரு சீட்டு, பெட்டி, எண்ணிக்கை, கைதட்டல். அந்த நாட்டுக்கே அது முழு உண்மையல்ல. 2016-இல் ஹிலாரி கிளின்டன் ஏறத்தாழ 28 லட்சம் ஓட்டுகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். மாநிலவாரித் தேர்வாளர் கணக்கு அவரை வீழ்த்திற்று. நம் நாட்டிலோ மக்கள் நேரே ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவதே இல்லை. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடுகிறார்கள். அவருக்குப் பச்சைச் சீட்டு, இவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு.

செம்பட்டி வகுப்பில் மருதம் அணி தமிழ்நாடு ஆகட்டும். குறிஞ்சி உத்தரப் பிரதேசம் ஆகட்டும். இனிக் கரும்பலகையில் கணக்கு. ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் வருவது ஓர் எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு. எந்த ஆண்டு மக்கள்தொகை? 1971! அன்று தமிழ்நாடு 4 கோடியே 11 லட்சத்து 99 ஆயிரத்துச் சொச்சம். 234 பேர். மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்துக்கு 403 பேர், தலைக்கு 208. சிக்கிம் எம்.எல்.ஏ.வுக்கு வெறும் 7. ஒரே இளஞ்சிவப்புச் சீட்டுதான், எடையோ இப்படி!

இன்னொன்றும் பிள்ளைகள் கற்க வேண்டும். சீட்டிலே ஒரு பெயருக்கு மட்டுமல்ல, 1, 2 என்று விருப்பவரிசை எழுத வேண்டும். எதற்கென்று கேட்கிறீர்களா? 1969-ஐக் காட்டுங்கள். வி.வி. கிரி, பாங்கு ஊழியர் சம்பளத் தீர்ப்பில் அரசு கைவைத்ததைப் பொறுக்காது 1954-இல் மத்திய தொழிலாளர் மந்திரி பதவியை உதறியவர், ஏ.ஐ.டி.யு.சி.யின் தலைவராயிருந்தவர். சுயேச்சையாக நின்ற அவரைக் கழகம் ஆதரித்தது. முதல் எண்ணிக்கையில் அவருக்கு 4,01,515. சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548. வெல்லத் தேவை 4,18,169. எட்டவில்லை! இரண்டாம் விருப்ப ஓட்டுகளை எண்ணிய பின்னரே 4,20,077 என்று கரையேறினார். தேசமுக்கின் சீட்டிலே ‘2’ என்று எழுதப்பட்டிருந்த எண்ணையும் கூட்டிய பின்னரே முடிவு தெரிந்தது. ‘இரண்டாவது என்ன பெரிய பயன்’ என்று நினைக்கும் சிறுவனுக்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

இப்போது கணக்கு ஆசிரியரை அழைப்போம். 1971-ஐ அழித்துவிட்டு 2011-ஐ எழுதச் சொல்வோம். தமிழ்நாடு 7,21,47,030. மதிப்பு 308. ஆகா, உயர்ந்துவிட்டதே என்று மருதம் அணி மகிழும். பொறுங்கள்! உத்தரப் பிரதேசம் 19,98,12,341. மதிப்பு 496. முன்பு அவர்களின் 100-க்கு நம்முடையது ஏறக்குறைய 85. 2011-ஐ வைத்தால் 62!

மருதம் செய்த குற்றம் என்ன? ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று சொன்ன சொல்லைக் கேட்டது. தாய்மார்களைப் படிக்க வைத்தது. ஆத்தூர் வட்டத்துக் குக்கிராமம் வரை ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கொண்டு சென்றது. டில்லி சொன்னதை டில்லிக்கு முன்பே செய்தது.

“தலைக்கு ஒரு ஓட்டு என்பதுதானே நியாயம், ஐயா?” என்று குறிஞ்சி அணியில் ஒருவன் எழுந்து கேட்பான். கேட்கட்டும். அதட்டி உட்காரவைக்க வேண்டாம். நல்ல கேள்வி அது. அதற்கு நாமும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 1976-இல் 42-ஆவது திருத்தம் 1971 கணக்கைப் பூட்டி வைத்தது எதற்காக? மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதனாலேயே பலம் இழக்கக்கூடாது என்பதற்காக. அதே காரணத்துக்காக 2002-இல் நடைமுறைக்கு வந்த 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கின் விவரம் வெளியாகும் வரை பூட்டை நீட்டியது. அப்படிச் சொன்னது நாமல்ல, நாடாளுமன்றம். சொன்ன வாக்கை நம்பி நடந்தவனிடம், பூட்டைத் திறக்கும் நாளில், ‘உன் எடை குறைந்துவிட்டது’ என்பது எந்த ஊர் நியாயம்? அதே பூட்டு மக்களவையில் நம் இடங்களுக்கும் காவல் என்பதை அந்தப் பையனுக்கும் சொல்லுங்கள்.

பள்ளியில் நடத்தத் தயங்கினால், தோழர்களே, உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்துங்கள். சுண்ணாம்புக் கட்டியும் கரும்பலகையும் போதும். பூட்டுத் தொழிலாளியும் நெசவாளியும் வரட்டும். பிள்ளைகளையும் அழைத்து வரட்டும். பேனாவை மட்டும் நீங்களே கொடுங்கள்: ஜனாதிபதி தேர்தலில் ஆணையம் தரும் பேனாவால் எழுதாத சீட்டு செல்லாது.