பி.பி. நார்மல்தான், அத்தை

அண்ணன் மகள் பி.எஸ்ஸி. நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தலையணை கனத்தில் ஒரு கொஸ்டின் பேங்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் மார்க்கர்.

"எல்லாம் படிச்சிட்டேன் அத்தை. ஆனா நாலு விடையில ரெண்டு சரி மாதிரியே தெரியுது. அதுல நான் தொடுறது மட்டும் தப்பாப் போகுது."

இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன். அது கொதிக்கிற நேரத்தில் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதி அவளிடம் நீட்டினேன். சிசேரியன் முடிந்து வார்டுக்கு வந்த ஒரு பெண். இரவு 8 மணிக்கு பல்ஸ் 84, பி.பி. 120/76, மூச்சு 16. 9 மணிக்கு 98, 118/82, 20. 10 மணிக்கு 114, 112/88, 24.

"நீ நைட் டூட்டி. என்ன செய்வ?"

தாளை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். "பி.பி. நார்மல்தான், அத்தை. பல்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி. ஆபரேஷன் பண்ண உடம்பு, வலியா இருக்கும். எஸ்.ஓ.எஸ். ஆர்டர்ல வலி ஊசி இருந்தா போடுவேன்."

"அதையேதான் நானும் செஞ்சேன்" என்றேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். ஊரும் ஆஸ்பத்திரியும் இப்போது எதற்கு? அந்தப் பெண் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போர்வையை இழுப்பதும் தள்ளுவதுமாக ஒரு நிலைகொள்ளாத்தனம். கூட இருந்த மாமியார் இரண்டு தடவை எழுந்து வந்து, "என்னமோ ஒரு மாதிரியா இருக்கா சிஸ்டர்" என்று சொன்னார். நான் போய்ப் பேடைப் பார்த்தேன்; பெரிதாக நனையவில்லை. பி.பி. பார்த்தேன், பயப்பட ஒன்றுமில்லை. வலி என்று கேஸ் ஷீட்டில் எழுதி ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன்.

அரைமணி கழித்து ரவுண்ட்ஸ் வந்த சீனியர் சிஸ்டர் பி.பி. எவ்வளவு என்று கேட்கவே இல்லை. பெண்ணின் முகத்தைப் பார்த்தார். கிளவுஸ் மாட்டிக்கொண்டு போர்வைக்கு அடியில் கையை விட்டு, இடுப்புக்குக் கீழே துழாவி வெளியே எடுத்தார். உள்ளங்கை முழுக்க ரத்தம். மல்லாந்து படுத்திருப்பவளுக்கு ரத்தம் முன்பக்கம் வந்து பேடை நனைக்கும் என்று நான் காத்திருக்க, அது பின்பக்கமாக வழிந்து ரப்பர் ஷீட்டில் தேங்கிக் கிடந்தது. அடுத்து அடிவயிற்றில் கை வைத்தார். குழந்தை பிறந்த பிறகு கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியாக, தொப்புளை ஒட்டி நிற்க வேண்டும். அது பிசைந்த மாவாகத் தொப்புளுக்கு மேலே ஏறியிருந்தது. அவர் தேய்க்கத் தேய்க்கக் கட்டி கட்டியாக வெளியே வந்தது. ஆக்சிடோசின், இன்னொரு கையில் இரண்டாவது ஊசிக்குழாய், டாக்டர், ரத்தம் என்று ஓடினோம். அவள் பிழைத்துக்கொண்டாள். நான் எழுதிய 'வலி' மட்டும் கேஸ் ஷீட்டில் அப்படியே இருந்தது.

அண்ணன் மகள் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். "ஆனா பி.பி. குறையவே இல்லையே அத்தை?"

அங்கேதான் விஷயம் இருக்கிறது. பாடத்தில் 'ரத்தம் போனால் பி.பி. குறையும், பல்ஸ் ஏறும்' என்று ஒரே மூச்சில் படிக்கிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிற மாதிரி மனசில் பதிந்துவிடுகிறது. நடப்பது வேறு.

வாசலில் ஹோஸ் பைப் கிடந்தது. அதைக் காட்டினேன். தொட்டியில் தண்ணீர் குறையும்போது கடைசிச் செடிவரை பாயவேண்டும் என்றால் நீ என்ன செய்வாய்? குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்துவாய். தண்ணீர் குறைவுதான், ஆனால் வேகம் அதேதான். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தண்ணீர் நன்றாக வருவதாகத்தான் தோன்றும். உடம்பும் அதைத்தான் செய்கிறது. ரத்தம் குறைந்ததும் இதயத்தை விரட்டுகிறது, பல்ஸ் ஏறுகிறது. கை கால், தோல், குடல், சிறுநீரகம் இவற்றுக்குப் போகும் குழாய்களை இறுக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை ஒதுக்குகிறது. அதனால்தான் கை சில்லென்று வியர்க்கிறது, மூத்திரம் குறைகிறது, தாகம் எடுக்கிறது. மூளைக்கும் கொஞ்சம் தட்டுப்பாடு வரும்போது அந்த நிலைகொள்ளாமை. மாமியார் சொன்ன 'ஒரு மாதிரி' அதுதான். எந்தக் கருவியும் சொல்லாததை அந்த அம்மாள் சொன்னார். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

இப்போது பி.பி.யின் இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் பார். மேல் எண் இதயம் தள்ளுகிற அழுத்தம். தள்ளச் சரக்கு குறைந்ததால் அது மெல்ல நழுவுகிறது. கீழ் எண் குழாய்களின் இறுக்கம். இறுக்க இறுக்க அது ஏறுகிறது. 120/76-இல் இடைவெளி 44. 118/82-இல் 36. 112/88-இல் 24. இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. எந்த எண்ணும் தனியாக நின்று கத்தவில்லை. மூன்று வரியையும் சேர்த்துப் பார்த்தால் கத்துகிறது.

சுமார் 70 கிலோ எடையுள்ள ஆளின் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். 750 மில்லி வரை போனாலும் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் 1,500 மில்லி வரை பல்ஸும் மூச்சும் ஏறும், அந்த இடைவெளி சுருங்கும். மேல் எண் கண்ணுக்குத் தெரிந்து விழுவது பெரும்பாலும் அதற்கும் பிறகுதான். அதாவது பி.பி. விழுந்த பிறகு டாக்டரைக் கூப்பிடுகிறவள், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரத்தம் போகும்வரை காத்திருக்கிறாள். பிரசவமான பெண்ணிடம் இந்த ஏமாற்று இன்னும் மோசம். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவே 40, 50 சதவீதம் கூடியிருக்கும். அதனால் இன்னும் நெடுநேரம் சமாளித்துவிட்டுத் திடீரென்று சரிவாள். சுகப்பிரசவத்தில் 500 மில்லிக்கு மேல், சிசேரியனில் 1,000 மில்லிக்கு மேல் போனால் அது பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு என்று உனக்கு மனப்பாடம். ஆனால் படுக்கை விரிப்பில் ஊறியதை யார் அளந்து பார்த்தார்கள்?

ஒரு சின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். பல்ஸை மேல் எண்ணால் வகுத்துப் பார். 84-ஐ 120-ஆல் வகுத்தால் 0.7, பரவாயில்லை. 114-ஐ 112-ஆல் வகுத்தால் 1-ஐத் தாண்டுகிறது. பிரசவ வார்டில் 0.9-ஐத் தொட்டாலே உட்காரக்கூடாது. வகுக்கத் தெரியாவிட்டாலும் போகிறது, பல்ஸ் மேல் எண்ணை எட்டிப் பிடித்துவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

"அப்போ பல்ஸ் ஏறினா ரத்தப்போக்கு, அப்படித்தானே?" என்றாள். டீயை ஆற்றிக் கொடுத்தேன். நர்சிங் மாணவிகளுக்கு ஒரு விதி கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். நானும் அப்படித்தான் தொங்கினேன். வலியிலும் பல்ஸ் ஏறும், காய்ச்சலிலும் ஏறும், பயத்திலும் ஏறும். வலி ஊசி போட்டு அரைமணியில் இறங்கவில்லை என்றால் அது வலிதானா என்று மறுபடி யோசிக்க வேண்டும். பி.பி.க்கு மெட்டோப்ரொலால், அட்டினலால் சாப்பிடுகிற பெரியவருக்கு உடம்பு எவ்வளவு விரட்டினாலும் பல்ஸ் அவ்வளவாக ஏறாது. மாத்திரை பிடித்து வைத்திருக்கும். எப்போதும் 170-இல் இருக்கிறவருக்கு 115 என்பது நார்மல் இல்லை, வீழ்ச்சி. சர்க்கரை உள்ள அம்மாளுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். வியர்த்துக்கொண்டு, 'வாயு மாதிரி அடைக்குது' என்பார், வீட்டில் எல்லோரும் பெருங்காயத்தைத் தேடுவார்கள். புத்தகத்தில் இருக்கும் நார்மல் யாருக்கும் சொந்தமில்லாத நார்மல். கட்டிலில் படுத்திருக்கும் ஆளுக்கு நேற்று என்ன இருந்தது என்பதுதான் அளவுகோல்.

கிறிஸ்டின் டானர் என்ற அமெரிக்க நர்சிங் பேராசிரியை 2006-இல் நர்ஸின் யோசனையை நான்காகப் பிரித்து எழுதினார். கண்ணில் படுவது, அதற்கு அர்த்தம் காண்பது, செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது. அன்று எனக்குக் கண்ணில் எல்லாமே பட்டிருந்தது. இரண்டாவது படியில் சறுக்கினேன். முதலில் தோன்றிய அர்த்தத்தோடு நின்றுவிட்டேன், 'வேறு என்னவாக இருக்கலாம்' என்று இன்னொரு தடவை கேட்கவில்லை. நம் கல்லூரிகளில் இதைக் கேர் பிளான் என்ற பெயரில் கட்டம் போட்டு எழுதவைக்கிறார்கள். சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதற்கு அதைவிட வசதியான வடிவம் இல்லை. அமெரிக்கா போக எழுதும் என்கிளெக்ஸ் பரீட்சையை 2023 ஏப்ரலில் மாற்றியதே இந்த யோசனையைச் சோதிக்கத்தான். இப்போது ஒரு நோயாளியின் கதையை வளர்த்துக்கொண்டே போய், எது முக்கியம், ஏன், அடுத்து என்ன என்று கேட்கிறார்கள்.

மூச்சுக்கு வருவோம். எந்த வார்டிலும் டி.பி.ஆர். சார்ட்டை எடுத்துப் பார்: மூச்சு 20, 20, 20, 20. முப்பது கட்டிலுக்கும் 20. யாரும் எண்ணுவதில்லை, எழுதுகிறார்கள். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. ரத்தம் போனாலும், கிருமி ரத்தத்தில் பரவினாலும், சர்க்கரை முற்றி ரத்தம் அமிலமானாலும், நிமோனியா வந்தாலும் மூச்சின் வேகம் ஏறும். பல நேரம் மற்ற எதுவும் அசைவதற்கு முன்பே ஏறும். விரலில் மாட்டிய கருவி 97 காட்டுகிறது என்று நிம்மதியாகப் போய்விடுகிறோம். நிமிஷத்துக்கு 28 தடவை இழுத்து அந்த 97-ஐ அவர் சம்பாதித்துக்கொண்டிருக்கிறார். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய எச்சரிக்கை அட்டவணையில், மூச்சு 25-ஐத் தொட்டாலே 3 புள்ளி. பி.பி.யின் மேல் எண்ணுக்கு அதே 3 கிடைக்க, அது 90-க்கு இறங்க வேண்டும். (கர்ப்பிணிகளுக்கு இந்த அட்டவணை பொருந்தாது.) முழுசாக ஒரு நிமிஷம் எண்ணவேண்டும். எண்ணுவது தெரிந்தால் அவர்கள் மூச்சை மாற்றுவார்கள். அதனால் பல்ஸ் பார்ப்பது மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பார்க்க வேண்டும்.

"சரி, உன் புத்தகத்துக்கே போவோம்" என்று ஒரு கேள்வியைக் கட்டி விட்டேன். நாலு பேர். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆகி வலியில் அழுகிற பையன். சர்க்கரை 62-க்கு இறங்கி, வியர்த்து, ஆனால் நன்றாகப் பேசுகிற பெரியவர். 102 டிகிரி காய்ச்சல் பெண். காலையிலிருந்து விசில் மாதிரி இழுத்துக்கொண்டிருந்து, இப்போது சத்தம் அடங்கி அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஆஸ்துமாக்காரர். முதலில் யார்?

சர்க்கரைக்காரர் என்றாள். தப்பில்லாத தப்பு. அவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க இன்னொருவரிடம் சொல்லலாம், 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்கலாம். ஆனால் அந்த ஆஸ்துமாக்காரர் அமைதியானது குணமாகியா, களைத்தா? விசில் வரவேண்டும் என்றால் காற்று போய்வர வேண்டும். காற்றே போகாத நெஞ்சில் சத்தம் இருக்காது. ஸ்டெதஸ்கோப்போடு அவரிடம்தான் முதலில் ஓடவேண்டும். 'ரெண்டு சரி மாதிரி தெரியுது' என்றாளே, அநேகமாக அந்த இரண்டுமே சரிதான். எது இப்போது, எது ஐந்து நிமிஷம் கழித்து என்பதுதான் கேள்வி.

கணக்கில் அவள் கெட்டி, அதில் நேரம் செலவழிக்கவில்லை. 500 மில்லியை 4 மணி நேரத்தில், 20 சொட்டு செட்டில் ஓட்ட நிமிஷத்துக்கு 42 சொட்டு என்று மனசிலேயே சொல்லிவிட்டாள். இன்சுலின் மட்டும் கேட்டேன். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் பாட்டிலும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது எவ்வளவு? கொஞ்ச நேரம் விரலை மடக்கினாள். "50 அத்தை" என்றாள், குரல் இறங்கி.

டாக்டரை எழுப்புவது எப்படி என்பது கடைசியில் வந்தது. ராத்திரி 2 மணிக்கு, 'சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்காங்க' என்றால் 'பார்த்துக்குங்க சிஸ்டர்' என்றுதான் பதில் வரும். எஸ்பார் என்று, நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என வரிசையாகச் சொல்லச் சொல்லித்தருகிறார்களே, அது அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பேச்சுமுறை. அந்த நாட்காட்டித் தாளை வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு தடவை திக்கினாள். மூன்றாவது தடவை வந்தது: "சார், சிசேரியன் முடிஞ்சு வந்தவங்க. ரெண்டு மணி நேரத்துல பல்ஸ் 84-லேர்ந்து 114, மூச்சு 16-லேர்ந்து 24, பி.பி. 112/88. கர்ப்பப்பை தளர்ந்திருக்கு, அடியில ரத்தம் தேங்கியிருக்கு. ரத்தப்போக்குன்னு நினைக்கிறேன். மசாஜ் பண்ணிட்டிருக்கோம். நீங்க இப்பவே வரணும்."

"'நினைக்கிறேன்'னு சொல்லலாமா அத்தை? நாம டயக்னோஸ் பண்ணக்கூடாதுன்னு மேடம் சொல்வாங்க."

"நினைக்கிறதுக்குத்தான் உன்னை அங்க நிறுத்தி வச்சிருக்காங்க."

இரண்டாவது டம்ளர் டீயும் முடிந்தது. மார்க்கரை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் என் கையை இழுத்து மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பார்வை மெல்ல என் தோள்பட்டைக்கு நகர்ந்தது. எதற்கென்று தெரிந்தும் தெரியாத மாதிரி, பரீட்சை ஹால் எங்கே போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்தேன்.

"அத்தை, ஒரு நிமிஷம் பேசாம இருங்களேன்" என்றாள். "எண்ணிக்கை விட்டுப்போகுது."