கப்சாயின் உறுமல்

சமிக்ஞை விளக்கில் சிவப்பு எரிகிறது. ஒரு பழைய ஹோண்டா சி70 வந்து நிற்கிறது. ஓட்டுநர் முடுக்கிக் கைப்பிடியை முழுவதுமாக விட்டுவிட்டார். ஆனாலும், இயந்திரம் அடங்கவில்லை, உறுமிக்கொண்டே இருக்கிறது. குளுவாங், சிகாமட், பத்து பகாட் போன்ற ஜொகூர் நகரங்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இத்தகைய பழைய மோட்டார் சைக்கிள்களை இன்றும் காணலாம். தாத்தா ஓட்டிய வண்டியைப் பேரன் பழுதுபார்த்து வைத்திருக்கும் வீடுகளும் உண்டு.

சி70, ஹோண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகப்படுத்திய ‘சூப்பர் கப்’ குடும்பத்தைச் சேர்ந்தது. 2017ஆம் ஆண்டில் அக்குடும்ப வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. மலேசியர்கள் சிறிய மோட்டார் சைக்கிள்களைக் ‘கப்சாய்’ என்று அழைப்பதற்கும் இந்தக் ‘கப்’ என்னும் பெயரே காரணம். ‘சாய்’ என்பது சிறியது என்னும் பொருளில் சீனப் பேச்சு வழக்கிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

வண்டி நிற்கும்போது, முடுக்காமலேயே இயந்திரம் மெதுவாக ஓடுவதை ‘ஐடிலிங்’ என்பர். சி70இன் இயந்திரம் அந்நிலையில் நிமிடத்திற்குச் சுமார் 1,500 முறை சுழல வேண்டும். அதற்கு மேல் வேகமாகச் சுழன்றால் பெட்ரோல் வீணாகும். இயந்திரமும் அளவுக்கு மீறிச் சூடாகும். கப்சாயில் இன்னோர் ஆபத்தும் உள்ளது. இதற்குக் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. இயந்திரத்தின் வேகம் கூடும்போது கிளட்ச் தானாகவே சக்கரத்தோடு இயந்திரத்தை இணைத்துவிடும். எனவே, ஐடிலிங் மிகையாக இருக்கும் வண்டியை முதல் கியரில் போட்டவுடன், ஓட்டுநர் எதிர்பாராத நேரத்தில் அது முன்னோக்கிப் பாயக்கூடும். பள்ளி வாயிலிலோ சந்தை நெரிசலிலோ இது விபத்தில் முடியலாம்.

இந்தக் கோளாற்றைப் புரிந்துகொள்ள, கார்புரேட்டர் வேலை செய்யும் முறையை அறிய வேண்டும். இயந்திரம் மூச்சை இழுப்பதுபோல் காற்றை உள்ளிழுக்கிறது. அக்காற்று கார்புரேட்டரின் குறுகிய வழியில் விரைந்து செல்லும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. அதனால், கீழே உள்ள தொட்டியிலிருந்து பெட்ரோல் மேலேறிக் காற்றோடு கலக்கிறது. ‘சிலைடு’ எனப்படும் சிறிய உருளை ஒன்று மேலும் கீழும் நகர்ந்து காற்று செல்லும் வழியைத் திறக்கிறது, மூடுகிறது. கைப்பிடியை விட்டதும் சிலைடு கீழே இறங்கி, சிறிதளவு காற்றை மட்டுமே உள்ளே விடும். அப்படியும் இயந்திரம் வேகமாக ஓடினால், பெரும்பாலும் எங்கோ ஒரு வழியில் கூடுதல் காற்று நுழைகிறது என்று பொருள்.

பலர் இதைக் கண்டவுடன் ஐடிலிங் திருகைத் தளர்த்திச் சத்தத்தைக் குறைத்துவிடுவர். காய்ச்சலுக்குக் காரணம் அறியாமல் நெற்றியில் ஈரத்துணி போடுவதைப் போன்றது இது. காரணத்தைத்தான் தேட வேண்டும். எளிதானதில் தொடங்கி, கடினமானதை நோக்கிச் செல்வதே சிறந்த முறை.

முதலில், இயந்திரத்தைச் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும்; சோக் முழுமையாகத் திறந்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும். குளிர்ந்த இயந்திரத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

அடுத்ததாக, முடுக்கிக் கேபிளைப் பார்க்க வேண்டும். கைப்பிடியைத் திருப்பினால், 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை அது தளர்வாக அசைய வேண்டும். பிறகு, இயந்திரம் ஓடும்போதே வண்டியின் தலைப்பகுதியை இடமும் வலமும் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போது வேகம் மாறினால் கேபிள் இறுக்கமாக உள்ளது அல்லது தவறான வழியில் செல்கிறது.

கேபிள் சரியாக இருந்தால், சிலைடைக் கவனிக்க வேண்டும். அழுக்கு சேர்ந்தால் அது பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகு கோளாறு தோன்றியிருந்தால், சிலைடு திசைமாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். அதன் அடியில் வெட்டப்பட்ட பக்கம் காற்று வடிகட்டியை நோக்கி இருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் காற்றுக் கசிவு. கார்புரேட்டரும் இயந்திரமும் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கும். பல ஆண்டுச் சூட்டில் அது காய்ந்து வெடித்துவிடும். கசிவை அறிய, அந்த இணைப்பின்மேல் சிறிதளவு நீரைப் பனிபோல் தெளிக்கலாம். நீர் வெடிப்பை ஒரு கணம் அடைப்பதால் இயந்திரத்தின் ஓசை மாறும். பெட்ரோலையோ தீப்பற்றும் வேறு திரவத்தையோ தெளிக்கவே கூடாது. சிலர் கசிவை நிறுத்த இரண்டு திருகுகளையும் மேன்மேலும் இறுக்குவர். அதனால் கார்புரேட்டரின் விளிம்பு வளைந்து, கசிவு அதிகமாகும். விளிம்பின்மேல் இரும்பு அடிக்கோலை வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தால் வளைவு புலப்படும். மென்மையான உப்புத்தாளைச் சமமான கண்ணாடியின்மேல் விரித்து, விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்தலாம். பழைய வளையத்தையும் மாற்ற வேண்டும்.

நான்காவதாக, அடைபட்ட ஜெட். நீண்ட நாள் ஓடாத வண்டியில் பெட்ரோல் பிசின்போல் படிந்து, ஜெட்டின் நுண்துளையை அடைக்கும். இயந்திரம் அடிக்கடி அணைந்துபோவதால், உரிமையாளர் ஐடிலிங் திருகை இறுக்கி வேகத்தைக் கூட்டியிருப்பார். இயந்திரம் சூடேறியதும் அதுவே மிகையாகிவிடும். இத்துளையைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் சுத்திகரிப்பானும் அழுத்தக் காற்றுமே போதும்.

இவை அனைத்தும் சரியான பிறகுதான் ஐடிலிங் திருகைத் தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவைக் குறித்துக்கொள்வது நல்லது. இரண்டை ஒன்றாக மாற்றினால், எது கோளாற்றைத் தீர்த்தது என்பது தெரியாமல் போய்விடும்.

இப்பணியைக் காற்றோட்டமான இடத்தில், அனுபவமுள்ள பெரியவர் ஒருவரின் துணையோடு செய்ய வேண்டும். புகைக்குழாயிலிருந்து வெளியேறும் கார்பன் மோனாக்சைடு, நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயுவாகும்.

புதிய மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோலின் அளவை உணரிகளும் மின்னணுக் கருவியும் கட்டுப்படுத்துகின்றன. கோளாறு ஏற்பட்டால் விளக்கும் எரிகிறது. பழைய கப்சாயில் அத்தகைய விளக்கு இல்லை. அதன் உறுமல்தான் எச்சரிக்கை. அதை அடக்குவதற்கு முன், அது ஏன் எழுந்தது என்று கேட்பவரின் கையில் அந்த வண்டி இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.