ஆறரை மணி மீட்டிங் எப்போது முடியும்?

காலை எட்டு மணி. சென்னை கீழ்க்கட்டளையில் மெட்ரோ வேலைக்காக அடைத்திருக்கும் தகரத் தடுப்புக்குப் பின்னால், ஹெல்மெட் போட்ட முப்பது பேர் அரைவட்டமாக நிற்கிறார்கள். நடுவில் பாதுகாப்பு அதிகாரி. அவர் கையில் ஒரு சேஃப்டி பெல்ட். இன்றைக்குப் பேச்சு அது ஒன்றைப் பற்றித்தான்: கொக்கியை எங்கே மாட்டுவது, எங்கே மாட்டக் கூடாது. பாதி இந்தி, பாதி தமிழ். இளைஞர் ஒருவரை முன்னால் கூப்பிட்டு மாட்டிக் காட்டச் சொல்கிறார். அவர் இடுப்பு உயரக் கம்பியில் மாட்ட, "தலைக்கு மேல, தலைக்கு மேல" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் திருத்துகிறது. பதிவேட்டில் வரிசையாகக் கையெழுத்து. பத்து நிமிடம். எல்லோரும் அவரவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கட்டுமானத் தளங்களில் இதற்கு 'டூல்பாக்ஸ் டாக்' என்று பெயர். உட்கார நாற்காலி கிடையாது, திரை கிடையாது. ஆனால் நல்ல கூட்டத்துக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. எதைப் பற்றி என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. பேச்சு முடிந்ததும் யார் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. கான்கிரீட் வண்டி வந்து நிற்பதால், எப்போது முடிக்க வேண்டும் என்பதும் தெரிகிறது.

அதே கீழ்க்கட்டளையிலிருந்து ரேடியல் சாலையில் துரைப்பாக்கம் பக்கம் போகிறவர்களின் கூட்டம் வேறு மாதிரி. ஓ.எம்.ஆர் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இருக்கும் கீழ்க்கட்டளைப் பெண் ஒருவர் சொல்கிறார்: "ரெண்டு பேர் பேசுவாங்க. மீதி பன்னெண்டு பேர் மைக்கை மியூட் பண்ணிட்டு உக்காந்திருப்போம். நம்ம பேர் எப்ப வரும்னு தெரியாது. அதனால எழுந்தும் போக முடியாது." அவருக்கு வந்த அழைப்பில் அஜெண்டா என்ற இடத்தில் இருந்தது ஒரே வரி: 'ரிலீஸ் – விவாதம்'.

இந்த ஒரு வரியில்தான் கோளாறு தொடங்குகிறது. 'விவாதம்' என்று எழுதினால் விவாதிப்பார்கள், அவ்வளவுதான். 'பன்னிரண்டாம் தேதி ரிலீஸை ஒரு வாரம் தள்ளலாமா?' என்று கேள்வியாக எழுதினால் ஆம், இல்லை என்று ஒரு பதில் வந்தாக வேண்டும். பக்கத்தில் 'பத்து நிமிடம்' என்று போட்டு, முடிவு சொல்ல வேண்டியவர் பெயரையும் சேர்த்துவிட்டால் அஜெண்டா தயார். அந்தப் பெண் தன் நோட்டில் இப்படித்தான் மாற்றி எழுதிப் பார்த்தார். பதினான்கு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்த கூட்டத்தில் கேள்விகள் மூன்றுதான் தேறின. அவற்றில் இரண்டுக்கு நாலு பேர் போதும்.

நேரம் குறிப்பதும் முக்கியம். 1950-களில் சிங்கப்பூரில், மலாயா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த நார்த்கோட் பார்கின்சன், கற்பனையாக ஒரு நிதிக் குழுவை வைத்து இதை விளக்கினார். அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் கிடைக்கிறது. சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம். சிற்றுண்டிச் செலவுக்கு ஒன்றேகால் மணி நேரம். அணு உலை யாருக்கும் புரியவில்லை. சைக்கிள் கொட்டகை எல்லோருக்கும் தெரியும், அதனால் எல்லோருக்கும் அதில் கருத்து உண்டு. அஜெண்டாவில் நேரம் எழுதாமல் விட்டால் எந்த அலுவலகத்திலும் நடப்பது இதுதான்.

எதைப் பேசப் போகிறோம் என்று முன்பே தெரிந்துகொள்ளும் பாதுகாப்பை மேல்மட்டத்துக்குச் சட்டமே தருகிறது. நிறுவனங்கள் சட்டம் 2013-ன் 173-ஆம் பிரிவின்படி, இயக்குநர் குழுக் கூட்டத்துக்குக் குறைந்தது 7 நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். கம்பெனி செயலர்கள் பின்பற்றும் விதிமுறை, அஜெண்டாவும் அதற்கான குறிப்புகளும்கூட 7 நாள் முன்பே சேர வேண்டும் என்கிறது. அவசரத்துக்கு விலக்கு உண்டு, அந்த விலக்குக்கும் நிபந்தனை உண்டு. கீழே வேலை பார்ப்பவருக்கோ, பதினைந்து நிமிடத்துக்கு முன்னால் திரையில் ஒரு அழைப்பு வந்து விழுகிறது.

கீழே வேலை பார்ப்பவருக்கும் கூட்டத்தில் இடம் தர, தொழிற்சாலைகளில் ஒரு முயற்சி நடந்தது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், நூறு பேருக்குக் குறையாமல் தொழிலாளர்கள் உள்ள இடங்களில் பணிக்குழு அமைக்க வழி செய்தது. அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத் தரப்பைவிடக் குறையக் கூடாது. ஆனால் எதைப் பேசுவது என்பதிலேயே இழுபறி. 1959-ல் இந்தியத் தொழிலாளர் மாநாடு இதை எடுத்துக்கொண்ட பிறகு, முத்தரப்புக் குழு இரண்டு பட்டியல்கள் தயாரித்தது. காற்றோட்டம், வெளிச்சம், குடிநீர், கேன்டீன், குழந்தைகள் காப்பகம், விபத்துத் தடுப்பு எல்லாம் பேசலாம். ஊதியம், போனஸ், ஆட்குறைப்பு பேசக் கூடாது. பேசக் கூடாத பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: வீட்டு வசதியும் போக்குவரத்தும்.

வேலை முடிந்து எப்படி வீடு போய்ச் சேர்வது என்பது அன்றைக்கே அஜெண்டாவுக்கு வெளியே போய்விட்டது. இன்றுவரை உள்ளே வரவில்லை. இந்தக் கட்டுரையில் மற்ற எதையும்விட அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடையில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30. இங்குள்ள பல மென்பொருள் குழுக்கள் அந்த நேரத்தில்தான் லைனில் வருகின்றன. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். மறுநாள் அதே 9 மணி, இங்கே இரவு 7.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை இதே கதைதான். அங்கே யாருக்கும் எதுவும் மாறவில்லை. இங்கே ஒரு வீட்டில் சமையல், பிள்ளையின் வீட்டுப்பாடம், தூக்கம் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகின்றன. கீழ்க்கட்டளைப் பெண் தன் மகனை விடும் டே கேர் ஏழு மணிக்கு மூடிவிடும். ஆறரை மணிக் கூட்டத்துக்கே பக்கத்து வீட்டு அக்காவைக் கெஞ்சித்தான் சமாளித்து வந்தார்.

நவம்பர் நம் ஊரில் மழை மாதம் என்று சென்னைவாசிக்குச் சொல்லத் தேவையில்லை. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்கு ஓடி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர வேண்டும். அந்தத் தண்ணீர் போகும் திசையில்தான் ரேடியல் சாலையும் போகிறது. பெருமழை நாளில் இரவு எட்டரைக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் பெண்ணுக்கு, கூட்டம் பத்து நிமிடம் நீண்டால் பயணம் ஒரு மணி நேரம் நீளும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்புகளை, அந்த மறுப்பு நியாயமற்றதாக இல்லாதவரை, ஊழியர் மறுக்கச் சட்டம் உரிமை தருகிறது. இங்கே குறைந்தபட்சம், கூட்டம் முடியும் நேரத்தை அழைப்பில் எழுதி அதன்படி நடக்கலாமே?

எல்லாவற்றையும் எழுதி வைத்தால் புது யோசனை வராது, பேச்சு செத்துவிடும் என்று சொல்லும் மேலாளர்களும் இருக்கிறார்கள்.

இருந்தாலும் அந்தப் பெண், மாற்றி எழுதிய அஜெண்டாவைத் தன் மேலாளரிடம் காட்டினார். அவர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, மூன்று கேள்விகளோடு ஒரு வரியைச் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பினார்: 'சென்னைக் குழுவின் விஷயங்கள் முதலில். 7.50-க்கு அவர்கள் லைனை விட்டுப் போகலாம்.' நவம்பர் முதல் வாரக் கூட்டத்தில், சரியாக 7.49-க்கு அமெரிக்கத் தரப்பில் ஒருவர் "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தார். "அது அஜெண்டாவில் இல்லை, நாளைக்கு மெயிலில் பார்க்கலாம்" என்றார் மேலாளர். அந்தப் பெண் கேபில் ஏறி நாராயணபுரத்தைத் தாண்டும்போது, சாலையோரத்தில் தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்தது. சக்கரம் மூழ்கும் அளவுக்கு இன்னும் ஏறவில்லை.